மீசைக்காரர் தலைமேல் ஒழுகவில்லை

பிலோமினா அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது தம்போயில் ஒரு வீட்டின் மாடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் அழைத்தாள். "தூக்கத்துலயே போயிட்டாங்க மாமா. அடக்கப் பூசை நம்ம எஸ்டேட் கோயில்லதான்." ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தக் கோயில் இன்று நிற்பதே அக்கா சொன்ன ஒரு பொய்யால்தானே!

செடெனாக் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கும் அந்தோணியார் கோயிலை உங்களில் பலர் அறிவீர்கள். ரப்பர் மரம் இருந்த காலத்தில், முறுக்கு மீசை மண்டோர்கள் வேலை வாங்கிய தோட்டத்துச் சனங்களே கட்டியது. அவர்கள் டவுனுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் சிதறிய பிறகு கூரையைக் கரையான் தின்றது. இடித்துவிட்டுச் சுரூபச் சிலைகளை டவுன் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று ஆயர், அதான் பிஷப், அலுவலகத்தில் பேச்சு வந்தது. பங்குச் சாமியார் அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார்: "கூரை போட்டுடலாம்மா. ஆளுங்க வருவாங்களா? அந்தோணியார் திருநாளுக்குக் கோயில் நெறஞ்சா, ஆயர்கிட்ட நான் பேசுறேன்."

அக்கா ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். ஆட்களைக் கிளப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்தக் கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழக்கமான பெஞ்சு ஒன்று உண்டு. அக்கா எல்லாக் குடும்பத்துக்கும் போன் போட்டு ஒரே சேதியைச் சொன்னார். "உங்கப்பா உக்காந்த பெஞ்சு மேல ஒழுகுது. வந்து நகத்தி வெச்சிட்டுப் போயிடுங்க, அவ்ளோதான்."

யாருக்குப் பொறுக்கும்? அந்தச் சனிக்கிழமை தூரத்து மெர்சிங்கிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பார்த்தால் பாதிப் பெஞ்சுகள் காய்ந்து கிடக்கின்றன. "அலமாக், காஞ்சிடுச்சா? சரி, வந்தது வந்துட்டீங்க, அந்த ஏணியைப் புடிங்க லா" என்றார் அக்கா. திட்டிக்கொண்டே பிடித்தார்கள். மதியம் அக்கா ஆக்கிப்போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள்.

நான் முருகன் கோயில் ஆள், எனக்கு அங்கே பெஞ்சு கிடையாது. என்னிடம் அந்தப் பொய் செல்லாது என்பதால் நேரிலேயே வந்து நின்றார். "நான் எதுக்குக்கா?" என்றேன். "சாமி வேறன்னா கரண்டும் வேற மாதிரி ஓடுமா தம்பி?" என்றார். ஒயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்தேன்.

வர்ணம் பூச மணியத்தையும் நான்தான் கூட்டிப்போனேன். அம்மன் கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர். பிசாசைக் காலில் போட்டு மிதித்து வாளோடு நிற்கும் மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் சிலையைப் பார்த்ததும், இவர் காவல் தெய்வம் என்று மணியத்துக்குத் தோன்றியிருக்கிறது. முனியாண்டிக்கு வைப்பதுபோல் முறுக்கு மீசை வைத்துவிட்டார். மறுநாள் திருநாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இருக்கட்டும். பூசை முடியட்டும், அப்புறமா ஷேவ் பண்ணிக்கலாம்."

மறுநாள் கோயில் நிறைந்து வாசலிலும் சனம் நின்றது. சாமியார் நேராக மிக்கேல் முன்னால் போய் நின்றார். "இவரு எந்த எஸ்டேட்டு மண்டோரு?" என்று கேட்டார். கோயிலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆயர்கிட்ட நான் பேசுறேன்" என்றார். பேசினார், கோயில் பிழைத்தது. மீசையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அன்று அக்கா கடைசி வரிசையைக் காட்டி என்னிடம் சொன்னார்: "இந்த பெஞ்சு உன்னோடது. இனிமே உனக்கும் போன் வரும்."

அடக்கப் பூசையன்று அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே பேய்மழை. அக்கா போட வைத்த கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பூசை முடிந்ததும் மகள் கேட்டாள்: "திருநாளுக்கு இனிமே யாரு மாமா எல்லாரையும் கூப்புடுவாங்க?"

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பெஞ்சும் ஒரு பொய்யும். நேற்று மணியத்துக்குப் போன் போட்டேன்.

"மீசைக்காரரு தலைமேல ஒழுகுதுண்ணே. சனிக்கிழமை வந்துடுங்க."

"ஐயையோ, ரொம்ப ஒழுகுதா?"

"வந்து பாருங்க" என்றேன்.