இரட்டித்து விழுந்த எழுத்துகள்

எங்கள் ஸ்கேன் சென்டரில் நான்கு மாடிகள், முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஆள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எது நின்றாலும் "சிஸ்டம் அம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். நாளடைவில் அது தேய்ந்து "சிஸ்டம்மா" ஆகிவிட்டது. அவளும் போனை எடுத்ததும் "சிஸ்டம்மா பேசறேன்" என்றுதான் சொல்வாள்.

நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். ரிப்போர்ட்டுகளை உறையில் போட்டு, பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பது என் வேலை. மதியச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் இரண்டாம் மாடியில் அவளுடைய அறையில்தான் சாப்பிடுவோம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் லிஃப்ட், இன்னொரு பக்கம் பழைய மானிட்டர்களின் குவியல்.

அவளிடம் ஒரு குணம். யாரையும் குற்றம் சொல்ல மாட்டாள். கீபோர்டில் டீயைக் கொட்டியவரிடம் "டீ கொட்டினீங்களா" என்று கேட்க வராது அவளுக்கு. "கொஞ்சம் ஈரம் பட்டிருக்கு போல" என்பாள். பிளக்கைக் காலால் உதைத்துப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று அலறியவரிடம், மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபடி "லூஸா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

அது அவள் வீட்டுப் பழக்கம். சிறுவயதில் அவள் அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. டிவி சத்தத்தை எல்லோருமாகக் கூட்டிக்கொண்டார்கள். வாசல் மணியை மாற்றினார்கள். அவருடைய வலப்பக்கமாகவே உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டார்கள். தன் காதில் ஒரு குறையும் இல்லை என்று நம்பியபடியே அவர் போய்ச் சேர்ந்தார். இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்பதுபோலச் சொன்னாள்.

முதல் மாடியில் ரிப்போர்ட் அடிக்கும் அறை. அங்கே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றோம். டாக்டர்கள் ஒலிப்பதிவில் முணுமுணுப்பதை ஹெட்போனில் கேட்டு, அவர்கள் பேசி முடிக்கும்போதே அவரும் அடித்து முடித்திருப்பார். ஐம்பத்து மூன்று வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. தலையில்தான் அதற்கு வேலையில்லை.

அந்த எக்ஸ்பிரஸ் ஒரு நாள் புகார் சொன்னார். எழுத்துகள் இரண்டிரண்டாக விழுகின்றன. மவுஸைத் தொட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. நடுநடுவே ஒரு சிறிய பெட்டி திரையில் குதித்து ஏதோ கேட்கிறது, வேண்டாம் என்று மூடினாலும் திரும்ப வருகிறது. வைரஸ்தான், சந்தேகமே இல்லை என்றார்.

சிஸ்டம்மா கீபோர்டை மாற்றினாள். மவுஸை மாற்றினாள். வைரஸ் தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து உயிர் கொடுத்தாள். இரண்டு நாளில் மறுபடி அதே புகார்.

பிறகு அவரிடம் சொல்லிவிட்டு, தன் அறையிலிருந்தே அவருடைய திரையைப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டாள். நான் சாப்பாட்டுப் பெட்டியுடன் போனபோது அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதையும் செய்யாத நேரத்திலும் அம்புக்குறி ஒரே இடத்தில் நின்று நடுங்கியது. நடுவே ஒரு பத்து நிமிடம் மட்டும் அசையாமல் நின்றது. அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்ததும் மறுபடி நடுக்கம்.

அவள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கீழே போனாள். எக்ஸ்பிரஸ் திரையைப் பார்த்தபடி ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கை சும்மா மவுஸின் மேல் கிடந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. ஷிப்ட் விசையை யாராவது எட்டு விநாடி விடாமல் அழுத்தினால் வருகிற பெட்டிதான் அவரைத் தொந்தரவு செய்தது. அவருடைய சுண்டுவிரல் விசையிலிருந்து எழ அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. அவருக்கு அது தெரியவில்லை. அவர் பார்வை எப்போதும் திரையில்தான்.

அவள் மவுஸை வாங்கிக்கொண்டாள். செட்டிங்ஸுக்குள் போனாள். கை கால் வசம் இல்லாதவர்களுக்காக அங்கே ஒரு பகுதி உண்டு. ஒரே விசை அரை விநாடிக்குள் இரண்டாம் முறை தட்டுப்பட்டால் கண்டுகொள்ளாதே என்று அதில் வைத்தாள். அழுத்திப் பிடித்தாலும் எழுத்து திரும்ப விழாதபடி செய்தாள். மவுஸின் வேகத்தைக் குறைத்தாள். பெட்டி வராமல் அடைத்தாள்.

ஒரே ஒரு சங்கடம். பித்தப்பைக்கு ஆங்கிலத்தில் 'எல்' அடுத்தடுத்து இரண்டு முறை வரும். இப்போது இரண்டாவது 'எல்' விழ வேண்டுமானால் சற்றுப் பொறுத்து அடிக்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்டார்.

"இந்தப் புது கீபோர்டு அப்படித்தான் அண்ணே. ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா கொஞ்சம் நிறுத்தி அடிங்க."

அது பொய். தெரிந்தே சொன்ன பொய்.

அவர் பழகிக்கொண்டார். பித்தப்பை வரும்போது மட்டும் ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிஸ்டம்மாவின் கைராசி பற்றியும் சொன்னார். அவள் அந்த அரை விநாடியை அடுத்த மாதங்களில் இரண்டு முறை கூட்டினாள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து. எனக்கு இதெல்லாம் தெரியும். அவரிடம் சொல்லிவிடு என்று நான் ஒரு தடவை சொன்னேன். எப்படிச் சொல்வது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஏழாவது மாதம் அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடுப்பு. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வெளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, முதல் மாடிக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டார். அவள் வைத்திருந்த அமைப்புகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் ஒரு பஸ் கண்டக்டரின் ரிப்போர்ட்டை எக்ஸ்பிரஸ் அடித்தார். சிறுநீரகத்தில் நான்கு மில்லிமீட்டர் கல். நான்கு இரண்டு முறை விழுந்தது. நாற்பத்து நான்கு. டாக்டர் அவசரத்தில் பார்க்காமல் கையெழுத்திட்டார். உறையில் போட்டுக் கொடுத்தவள் நான்.

அந்த மனிதர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று பிறகு தெரிந்தது. மறுநாள் அவரைப் பார்த்த வெளி டாக்டர், இவ்வளவு பெரிய கல்லோடு இந்த ஆள் எப்படி மாடிப்படி ஏறி வந்தார் என்று சந்தேகப்பட்டுப் படத்தையே வாங்கிப் பார்த்தார். பிழை அங்கே பிடிபட்டது. கண்டக்டரின் மனைவி நேராக என் மேசைக்கு வந்தார். திட்டவில்லை. ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு ராத்திரி பூரா எம்புள்ளைங்க அழுதுச்சும்மா" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து நின்றேன்.

மேனேஜர் வெளி ஆளைத் திரும்பக் கூப்பிட்டார். அவன் எக்ஸ்பிரஸின் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் தட்டிப் பார்த்தான். பிறகு அறையில் எட்டுப் பேர் நிற்க, அவரிடம் சொன்னான்:

"மெஷின் நல்லாதான் இருக்கு சார். உங்க கைதான் ஆடுது. பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். முதல் தடவையாகத் தன் கையை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் சிஸ்டம்மா வந்தாள். நான் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன். பையைக்கூட வைக்காமல் முதல் மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் அண்ணே."

"எவ்வளவு நாளா?"

"ஏழு மாசமா."

"கீபோர்டு அப்படித்தான்னு சொன்னியே."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து, சீப்பைப் பையில் சரியாக வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் அவள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக் கொடு என்றார். அரைப் பக்கம் எழுதினாள். ஏழு மாதமாகத் தெரிந்தும் சம்பந்தப்பட்டவரிடமோ நிர்வாகத்திடமோ சொல்லவில்லை, அமைப்புகளை மாற்றி மறைத்தேன், விடுப்பில் போகும்போதும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை, அந்தப் பிழைக்கு எனக்கும் பொறுப்பு உண்டு என்று. மேனேஜருக்கு எக்ஸ்பிரஸ் மேல் இருந்த கோபம் அவள் மேல் திரும்பியது. எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை கொடுத்தார். வீட்டில் அவள் கணவர், நீயாகப் போய்ச் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருக்கிறார். தெரிய வேண்டியவருக்குத் தெரிந்துவிட்டதே என்றாளாம்.

எக்ஸ்பிரஸ் நரம்பு டாக்டரிடம் போனார். பார்க்கின்சன் என்றார்கள். அவருடைய மனைவி ஒரு நாள் சென்டருக்கு வந்தார், அவரை மருத்துவ விடுப்பில் வைக்கும் தாள்களைக் கொடுக்க. சிஸ்டம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான்தான் அழைத்துப் போனேன்.

அந்த அம்மா மானிட்டர் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினார். ஒரு வருடமாக அவர் சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது என்று தானும் பார்த்ததாகவும், வயசாகிவிட்டது என்று கேலி செய்ததாகவும் சொன்னார். முன்னாலேயே மருந்து ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டாராம். நோய் நின்றிருக்காது, ஆனால் இந்த ஏழு மாதம் அவருக்குக் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

"உன்னைத் திட்டணும்னுதான் வந்தேன்மா," என்றார். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவரு பொண்டாட்டி."

"சொல்லியிருக்கணும் அக்கா," என்றாள் சிஸ்டம்மா.

ஆறு வாரம் கழித்து எக்ஸ்பிரஸ் வேலைக்குத் திரும்பினார். மருந்தில் நடுக்கம் பாதி அடங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தை ஒரு நான்கால் தூக்கியெறிய முடியாது என்று டாக்டர்கள் பேசியதால் மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை, எண்களை இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். கையெழுத்திடும் டாக்டரும் அதன் பிறகு ரிப்போர்ட்டைப் படித்தார்.

பத்து நாள் வரை அவர் சிஸ்டம்மாவோடு பேசவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார், அந்நியருக்கு விடுவதுபோல. அவள் அந்தப் பத்து நாளில் சரியாகச் சாப்பிடவில்லை. பதினொன்றாம் நாள் அவரே போன் செய்து வரச் சொன்னார்.

அவள் மவுஸை எடுக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"நான் பண்றேன். எங்க போகணும்னு சொல்லு. என்ன மாத்துறோம், எதுக்கு மாத்துறோம், எல்லாம் எனக்குத் தெரியணும்."

ஒரு மணி நேரம் ஆனது. அவள் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பாள். எந்தப் பகுதி, எந்தப் பொத்தான், அது என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் நடுங்கும் கையால் தேடித் தேடி அழுத்தினார். சில இடங்களில் தவறிப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டுவிட்டார். அவள் கையை நீட்டவில்லை. எத்தனை விநாடி வைப்பது என்பதை அவரே அடித்துப் பார்த்து முடிவு செய்தார். அவள் வைத்திருந்ததைவிட அதிகமாகவே வைத்தார்.

முடிந்ததும் அவர் சொன்னார்: "நீ என் நல்லதுக்குத்தான் பண்ணினேன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா அந்தப் பையன் எட்டுப் பேர் முன்னாடி சொன்னதை, நீ தனியா சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்."

"புரியுது அண்ணே," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவர் வேலை பார்த்தார். பித்தப்பை ஜோக்கை மறுபடி சொல்லவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது, எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவதை நாங்களாகவே நிறுத்திக்கொண்டோம். சிஸ்டம்மாவை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவளும் கேட்டதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார், வெளி ஆட்களைத் தொட விடமாட்டார்.

விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் மகள் இருக்கும் ஊருக்குப் போனார்கள். போகும் முன் சிஸ்டம்மா அவர்கள் வீட்டுக்குப் போய், கொண்டுபோகும் கம்ப்யூட்டரின் அமைப்புகள் முழுவதையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சென்ற மாதம் அவர் மனைவி போன் செய்திருந்தார். பேச்சு குழறுகிறதாம், சொல்ல வேண்டியதை எல்லாம் அடித்துத்தான் காட்டுகிறாராம். திரையில் அவர் அடிப்பதை வாசிக்க மூன்று வயதுப் பேத்தி மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறதாம், எழுத்தே தெரியாமல்.

சிஸ்டம்மா கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். மூன்றாம் மாடியில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.