சௌமியா தேர்ந்தெடுத்த பீக்கன்

குருமூர்த்தி கெலமங்கலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மென்பொருள் வேலை. ஆப் சம்பந்தமாக எது வந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள், சேலத்திலிருந்து சௌமியா வந்து சேரும்வரை.

ஷெட்டுக்குள் எந்த ட்ராலி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. அதைப் போனில் காட்டும் ஆப் வேண்டும் என்றார் மேனேஜர் எல்லப்பன். வழி இருந்தது. பகுதிக்கு ஒரு பீக்கன் பொருத்தினால் போதும். அது தீப்பெட்டி அளவுள்ள கருவி. ப்ளூடூத்தில் தன் அடையாளத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ட்ராலியை விட்டுப்போகும் ஆளின் போன், அருகில் இருக்கும் பீக்கனைக் கண்டு இடத்தைப் பதிந்துகொள்ளும்.

எந்த வகை வாங்குவது என்பதில்தான் போட்டி. குரு ஐபோனுக்கென்று வந்த ஐபீக்கன் வகை என்றான். சௌமியா ஆண்ட்ராய்டுக்கு ஏற்ற எடிஸ்டோன் வகை என்றாள்.

"நம்ம ஆளுங்க வச்சிருக்கறது பூராவும் ஆண்ட்ராய்டு போனுங்க சார். அதுவுமில்லாம, பேட்டரி எவ்வளவு மிச்சம்னு எடிஸ்டோனே சொல்லிடும். எது செத்துச்சுன்னு ஒவ்வொண்ணா தேடிட்டிருக்க வேண்டாம்."

"இது நல்லாருக்குதே!" என்றார் எல்லப்பன். குரு பேசியபோது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சௌமியா சிரித்தாலே குருவுக்கு எரிந்தது. கேன்டீனில் அவளைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்தால் இவன் தட்டோடு வேறு மேசைக்குப் போனான். அவளுடைய திட்டத்தைத் தேடித்தேடிப் படித்தான், ஒரு தப்பாவது அகப்படாதா என்று. அகப்பட்டது. பீக்கன்களை இரும்பு ரேக்கின் மேலேயே ஒட்டுவதாக இருந்தாள். இரும்பு சிக்னலைக் குழப்பிவிடும். குரு வாயைத் திறக்கவில்லை.

சோதனை நாளில் பெயின்ட் பிரிவில் நின்ற ட்ராலியை வெல்டிங் பிரிவில் இருப்பதாக ஆப் காட்டியது. எல்லோர் முன்னாலும் எல்லப்பன் சத்தம் போட்டார். சௌமியாவின் முகம் சிவந்தது. குருவுக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

மறுநாள் அவள் ரேக் ரேக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரக்கத்தால் ஒன்றும் குரு அவளிடம் போகவில்லை. தனக்குத் தெரியும் என்பதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"இரும்புல ஒட்டினா அப்படித்தாங்க காட்டும். நடைபாதைக்கு மேல, பிளாஸ்டிக் பட்டியில தொங்க விடுங்க. சிக்னல் பவரையும் கொறைங்க" என்றான், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

தொங்கவிட்டார்கள். ஆப் சரியாகக் காட்டியது. அடுத்த கூட்டத்தில் எல்லப்பன் சௌமியாவைப் பாராட்ட ஆரம்பித்தார். அவள் குறுக்கே எழுந்தாள்.

"இல்லீங்க சார், குரு அண்ணாதான் கண்டுபிடிச்சாரு. அவரு சொல்லலைன்னா இன்னும் முழிச்சிட்டுதான் இருந்திருப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை நாளாக அவன் ஏங்கிய கைதட்டல். ஆனால் அதையும் அவள் எடுத்துக் கொடுத்ததாகவே அவனுக்குப் பட்டது. அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் உதவியவர் பெயரைச் சொல்லியிருக்கமாட்டோம் என்று தெரிந்தபோது, எரிச்சல் முன்னைவிட அதிகமானது.

கிருஷ்ணகிரி யூனிட்டுக்கு ஆள் கேட்டார்கள். குரு தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அங்கே பீக்கனைத் தேர்ந்தெடுப்பது அவன் பொறுப்பு. நாலு வகையை வாங்கிச் சோதித்துப் பார்த்தான். கடைசியில் எடிஸ்டோனுக்குத்தான் கையெழுத்துப் போட்டான்.