கொடியில் வெட்டிய சிலுவை

நனைந்த கம்பளி அடுப்புக்குப் பக்கத்தில் காயும்போது ஒரு வாடை எழும்பும். ஆட்டு வாடையும் விறகுப் புகையும் தேயிலைச் சாயமும் கலந்த அந்த வாடையை மூக்கில் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இன்று ஹட்டனில் எட்டு மெசின் ஓடுகிற தையற்கடை என் பெயரில் நிற்கிறது. மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான் தைத்த வெள்ளைச் சட்டையைத்தான் போடுகிறார்கள். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. இந்தத் தொழிலை எங்கே பிடித்தாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கிறிஸ்துமஸைத்தான் சொல்ல வேண்டும், இதுவரை சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பத்துக் குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கிடந்த லயத்தில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா தோட்டத்துச் சங்கத் தலைவர். டயகமவில் கட்டிக்கொடுத்திருந்த ரீத்தா அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து, டிசம்பர் தொடக்கத்தில் பெண்பிள்ளை பெற்றிருந்தாள். கிறிஸ்துமஸ் பூசையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதற்குள் அதற்கொரு "துண்டுப் போர்வை" தைத்துவிட வேண்டுமென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

பஜாரில் தையற்கடை வைத்திருந்த நானாவிடம் ஒரு கூடை வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி வந்தாள். அடியில் மாவுச் சாக்குத் துணி, மேலே துண்டுகள், இடையில் திணிக்க வீட்டிலிருந்த ஒரே நல்ல கம்பளியைக் கிழித்தோம். கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாவின் விரல்கள் விறைத்துப்போயிருக்கும் என்பதால் தையல் முழுக்க என் கைதான். வீம்புக்குச் சொல்லவில்லை, அம்மாவே "இவ ஊசி எடுத்தா நூலு பேசும்டி" என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

நடுவில் சிவப்பில் ஒரு சிலுவை வேண்டுமென்று அக்காவுக்கு ஆசை. நானாவின் கூடையிலோ காக்கியும் நீலமும் வெள்ளையும்தான். வீட்டில் சிவப்பு ஒன்றே ஒன்று இருந்தது: தகரப் பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த சங்கக் கொடி. அதை மே மாதத்தில்தான் விரிப்பார்கள், அதற்குள் எங்கேயாவது ஒரு சிவப்புத் துணி பிடித்து ஒட்டிவிடலாமென்று என் புத்திக்குப் பட்டது. ஒரு மூலையை வெட்டினேன். அதை நாலு பட்டையாக்கிச் சிலுவை வைத்துத் தைத்தேன். "நானா கொடுத்தாரு" என்றேன். அக்கா நம்பினாள், பிள்ளையைப் போர்த்தி, சிலுவையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில், கொழுந்தில் நிறை குறைந்ததென்று, மலையில் வேலை மேய்க்கிற கணக்கப்பிள்ளை ஒரு பெண்ணைக் கைநீட்டி அடித்துவிட்டார். எதிர்த்துப் பேசினாளென்று தோட்டத்தை நடத்தும் துரை அவள் வேலையையும் நிறுத்தினார். மறுநாள் விடிய, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் கொடியேற்றி வேலைநிறுத்தம் என்று முடிவாயிற்று.

அந்தி நேரம், கமிட்டிக்காரர்கள் எங்கள் வாசலில் சூழ்ந்து நிற்க, அப்பா கொடியை விரித்தார். மூலையைக் காணோம்.

"என்னங்க தலைவரே, கொடிய எலி தின்னுருச்சா?" என்றார் முனியாண்டி. அப்பாவின் இடத்துக்கு ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர் அவர். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். பிள்ளையின்மேல் சிலுவை தெரிந்தது. "எலி இல்லப்பா, பேத்தி! சங்கத்துக் கொடிய மூத்திரத்துணி ஆக்கிப்புட்டாரு நம்ம தலைவரு!"

வாசலே சிரித்தது.

"இந்த மொட்டைக் கொடிக்குக் கீழ எங்க ஆளுக நிக்க மாட்டாங்க. நாளைக்கு நாங்க மலைக்குப் போறோம்" என்றார். பாதித் தோட்டம் அவர் பேச்சைக் கேட்கும். அவர்கள் வேலைக்கு இறங்கினால் வேலைநிறுத்தமும் செத்தது, அப்பாவின் தலைவர் பதவியும் செத்தது.

அப்பா யார் வெட்டியது என்றுகூடக் கேட்கவில்லை. சவர பிளேடை என் கையில் வைத்தார். "வெட்டுனவளே பிரிடி. விடியக்குள்ள கொடி முழுசா இருக்கணும்."

அக்கா பிள்ளையை அணைத்துக்கொண்டாள். "புள்ளைக்குக் காய்ச்சலுப்பா. ஒங்க கம்பளியும் மழையில நனைஞ்சு கெடக்கு. போத்த வேற ஒண்ணும் இல்லப்பா."

"அடி வாங்குனவளுக்கும் புள்ள இருக்கு. ஒன் புள்ளைய நெஞ்சுல போட்டுக்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "லூர்து, மாட்டேன்னு சொல்லுடி. ஒனக்கு இருக்கிற கைப்பக்குவம் இங்க வேற எவளுக்கும் இல்ல, நீ மாட்டேன்னா விட்டுருவாங்க."

சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து முனியாண்டி, "சின்னப்புள்ள தையலு, ஒட்டுனா பல்லிளிக்கும் பாருங்க" என்றார். காய்ச்சல் பிள்ளையைவிட அந்தப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. போர்வையை இழுத்தேன். பிள்ளை அழவில்லை, இருமியது. சிலுவையைத் துணி நூல் ஒன்று அறாமல் பிரித்தேன். போர்வையின் நடுவே பெரிய ஓட்டை விழுந்து கம்பளிக் கந்தை வெளியே தொங்கியது. உலையில் சோறு வேகும் முன்னே கொடியின் மூலை பழையபடி வந்துவிட்டது.

விடிந்து கொடி ஏறுமுன் முனியாண்டி அந்த மூலையைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். "நானாவே தோத்தாருப்பா" என்று அவர் வாயாலேயே வந்தது. ஒரு ஆள்கூட மலைக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் துரை இறங்கிவந்தார். அடிபட்டவளுக்கு வேலை திரும்பிற்று. அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என் தையல் பேச்சு பஜார்வரைக்கும் போய், நானா கூப்பிட்டு அனுப்பி மெசினில் உட்காரவைத்தார். அன்று மிதிக்கத் தொடங்கிய கால்தான் இது.

அக்கா அந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. கொடி ஏறிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு மூடுபனியில் டயகமவுக்கு நடந்துவிட்டாள். "போறவ போகட்டும்" என்றார் அப்பா. பிள்ளை பிழைத்தது, தை முழுக்க இருமிப் பிழைத்தது. அப்பா சாகும்வரை பேத்தியைப் பார்க்கப் போகவில்லை. அவர் சாவுக்கு அக்காவும் வரவில்லை.

இப்போது அந்த லயம் இல்லை, இடித்துத் தனி வீடு கட்டிவிட்டார்கள். தோட்டத்தில் கம்பளி கொடுப்பதும் நின்றுபோயிற்று. புலிப்படம் போட்ட சீனப் போர்வை பஜாரில் குவிந்து கிடக்கிறது. சங்கம் மூன்றாய் உடைந்ததில் கொடி எவர் கைக்குப் போனதென்று யாருக்கும் தெரியாது. நானாவும் இல்லை, முனியாண்டியும் இல்லை. அக்கா இருக்கிறாள், கண் தெரியாமல்.

போன கிறிஸ்துமஸுக்கு மெசினைத் தொடாமல், கையாலேயே ஒரு துண்டுப் போர்வை தைத்து எடுத்துக்கொண்டு டயகமவுக்குப் போனேன். அக்கா உட்காரச் சொல்லவில்லை. போர்வையை மடியில் போட்டு ஒவ்வொரு துண்டாகத் தடவினாள்.

"இதுல சிவப்பு இருக்காடி?"

"இல்லக்கா. ஒரு துண்டுகூட இல்ல."

"அப்பச் சரி" என்றாள். "யாரும் வந்து பிரிக்க மாட்டாங்க."