இடது தோள்

பழைய பீரோவை ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. மேலட்டையில் துளை போட்டு, சணல் கயிற்றில் ஒரு பென்சில் கட்டியிருந்தது. என் மாமனாருக்குக் காது கேட்காது. அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்படி ஒரு நோட்டில் எழுதித்தான் காட்டுவோம். "சாம்பாரில் உப்பு போதுமா", "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது", "தண்ணீர் வரவில்லை, குளிக்கப் போகாதீர்கள்" என்று பக்கம் பக்கமாக ஒரு தரப்புப் பேச்சு மட்டும் அதில் இருக்கிறது. அவர் தரப்பை வாயால் சொல்லிவிடுவார், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் மேலே தேதி போட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

காது போனது பர்மாவில். இரண்டாம் உலகப் போரில் அவர் டாங்கி டிரைவர். எழுமலையில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆளை வெள்ளைக்காரன் கொண்டுபோய் இரும்புப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டான் என்று மாமியார் அலுத்துக்கொள்வார். உள்ளே இருக்கிற இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் மேலே நின்று வழி பார்க்கிறவர், கீழே உட்கார்ந்திருக்கும் டிரைவரின் தோளில் பூட்ஸ் காலால் தட்டுவாராம். வலது தோளில் தட்டினால் வலது பக்கம் ஒடிக்க வேண்டும், இடது தோளில் தட்டினால் இடது பக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதெல்லாம் தெரியாமல், காபியோடு போய்ப் பின்னாலிருந்து அவர் இடது தோளைத் தொட்டுவிட்டேன். அவர் இடது கை தானாக எழும்பி, அங்கே இல்லாத ஒரு லீவரைப் பிடித்து நெஞ்சுக்கு இழுத்தது. டம்ளர் பறந்து சுவரில் விழுந்தது. "வலது தோளத் தொடு, இல்லாட்டி முன்னால வந்து நில்லு. இடது பக்கம் மட்டும் கை வைக்காத," என்றார் மாமியார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. பதினோரு வருடம் நான் அந்தத் தோளைத் தொடவில்லை.

அந்த டாங்கிப் படையில் இருந்த நம் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மதுரையில் கூடுவார்கள். படையில் எழுத்தராக இருந்த ஒருவர்தான் எல்லோருக்கும் கார்டு போடுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கார்டில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "இதுவே கடைசிக் கூட்டம். ஆளும் குறைந்துவிட்டது, எனக்குக் கையும் நடுங்குகிறது. இந்த முறை தபேதார் வருகிறார்." மாமா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "நீ வா, ஏத்தா. எனக்கு ஒன் காது வேணும்," என்றார். எனக்குத் தெரிந்த தபேதார், கலெக்டர் அறை வாசலில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு நிற்பவர்தான். அவரைப் பார்க்கவா நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டும் என்று எரிச்சல் வந்தது. திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் இரண்டு கட்டு கிடந்தது. என் வீட்டுக்காரருக்குக் கப்பலூர் ஃபேக்டரியில் பகல் ஷிப்ட். வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

திருமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து பேசாமல் வந்தவர், திருப்பரங்குன்றம் தாண்டி மேற்கே சமண மலை தெரிந்ததும் பேச ஆரம்பித்தார். காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு எப்படித் தெரியும்? முழு பஸ்ஸுக்கும் கேட்டது. தபேதார் என்பவர் அவருடைய டாங்கியின் தலைவர், தோளில் தட்டுகிறவர். "அந்தா தெரியுதுல்ல, அதுக்கு அடியில கீழக்குயில்குடி. எங்க வண்டியில பீரங்கி சுட்டவன் அந்த ஊருக்காரன். ஒரு ஆத்தங்கரையில வண்டி நின்னப்ப, சக்கரச் சங்கிலியில கட்ட சிக்கியிருக்கான்னு பாக்க எடது பக்கமா எறங்குனான். திடீர்னு குண்டு விழ ஆரம்பிச்சிருச்சு. அவன் ஏறிட்டானா இல்லையான்னு நான் எப்படிப் பாக்குறது? எனக்கு முன்னால இருக்குறது ஒரு சாண் சந்து. எடது தோள்ல தட்டு விழுந்துச்சு, ஒடிச்சேன். அவன் வண்டிக்கு அடியில போயிட்டான், ஏத்தா."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். குரலைத் தணிக்கச் சொல்லி எழுத நோட்டை எடுத்தேன், மனம் வரவில்லை. "எதிரி குண்டுல செத்தான்னு எழுதிட்டாக. தபேதார் ஒண்ணும் பேசல. ஆனா நெசமாத் தட்டு விழுந்துச்சா, இல்ல பயத்துல எனக்கா அப்படித் தோணுச்சா? அத மட்டும் அவருகிட்டக் கேக்கணும். அவரு சொல்றத நீ எழுதிக் காட்டு." என்னை ஏன் கூட்டிவந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தது ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில். வந்தது ஒன்பது பேர், அதில் நாலு பேரால் படி ஏற முடியவில்லை. கடைசியில் நாற்காலிகளைக் கீழே இறக்கி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் போட்டார்கள். டாங்கியில் ஆறு கடந்தவர்கள் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். ஒருவர் மெடலை ஊக்கு வைத்துக் குத்தியிருந்தார். போன கூட்டத்துக்குப் பிறகு செத்துப்போனவர்களின் பெயர்களை எழுத்தர் படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். யாரும் அழவில்லை. எல்லோருக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது போலத் தெரிந்தது.

தபேதார் திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருப்பவர், ஒடிசலான மனிதர். இதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. மாமா நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆற்றங்கரையை, குண்டு விழுந்ததை, கீழே இறங்கினவனைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அன்னைக்கு என் எடது தோள்ல தட்டுனது நீங்கதானா, சாப்?" நான் வாத்தியார் பழக்கத்தில் நோட்டில் தேதியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

தபேதார் என் பக்கம் திரும்பினார். "எந்த ஆறும்மா? ரெண்டு மூணு ஆறு தாண்டுனோமே. ஒருத்தன் செத்தது தெரியும். நான் தட்டுனேனா இல்லையான்னு சத்தியமா ஞாபகம் இல்ல. இவரு மொகமே இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா வருது." மாமா என் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாபகம் இல்லை. இரண்டே வார்த்தை. தினம் கரும்பலகையில் எழுதுகிற எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. நாற்பது வருடமாக ஒரு மனிதர் தோளில் தாங்கியிருந்ததை இன்னொருவர் இப்படிச் சுத்தமாக மறந்திருக்க முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தபேதார் என் முகத்தையும் நோட்டையும் பார்த்தார். "இம்புட்டு வருசமா இத வச்சுக்கிட்டா இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "கால் தூக்க முடியாது, கையாலதான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மாமாவுக்குப் பின்னால் போய் நின்று, இடது தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மாமாவின் இடது கை எழும்பி, லீவரைப் பிடித்து, நெஞ்சுக்கு இழுத்து, அங்கேயே நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, சாப்," என்றார். அவர் தணிந்த குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டார். திருமங்கலம் வந்ததும் எழுப்பினேன். எந்தத் தோளைத் தொட்டேன் என்பது தொட்ட பிறகுதான் உறைத்தது. அவர் கை எழும்பவில்லை. "வந்துருச்சா?" என்றார். அதற்குப் பிறகு ஒருநாள் தனியாகக் கீழக்குயில்குடிக்குப் போய் வந்தார், யாரைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அதோடு முடிந்திருந்தால் இந்த நோட்டை நான் நிம்மதியாகப் பழைய பேப்பரோடு போட்டிருப்பேன். கூட்டம் நடந்த ஏழெட்டு மாதத்தில் தபேதாரின் மகளிடமிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. "அப்பா இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான்தான் தட்டினேன், நான் தட்டியதால்தான் அவன் செத்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அன்று மதுரையில் என்ன நடந்தது?" மாமா அப்போது உயிரோடு, கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உண்மையை எழுதினால் அது சுற்றி வளைத்து இவர் காதுக்கு, இல்லை, கண்ணுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். பதில் எழுதவே இல்லை. மறு வருடம் தபேதார் இறந்ததாக எழுத்தர் கார்டு போட்டிருந்தார்.

பீரோவைப் பாதியில் விட்டுவிட்டு, கயிற்றில் தொங்கிய பென்சிலைச் சீவி, அந்தத் தேதிக்குக் கீழே "ஞாபகம் இல்லை என்கிறார்" என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்திருந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் காட்ட, இரண்டு பேரில் ஒருவரும் இல்லை.