வாங்கிய விலை

ஓசூரில் நான் கணக்கு பார்க்கும் தொழிற்சாலை, அப்பா விற்ற ராகிக் கொல்லையின்மேல் நிற்கிறது. சொத்தின் மதிப்புக்கு எத்தனை சதவீதம் லாபம் என்று வருடந்தோறும் நான்தான் கணக்கிட்டுத் தருகிறேன். இந்த வருடக் கூட்டத்தில் புது மேலாளர், "மத்த பிளாண்ட்டைவிட நம்ம ரிட்டர்ன் இவ்ளோ ஜாஸ்தியா இருக்கே, எப்படிங்க?" என்று கேட்டார்.

நிலம் இன்னமும் வாங்கிய விலையிலேயே ஏட்டில் இருக்கிறது, அதனால் சொத்து மதிப்பு சிறுத்து, லாப விகிதம் பெருத்துத் தெரிகிறது என்றேன்.

அந்த விலையைப் பார்த்துச் சிரித்தார். "இவ்ளோ சல்லிசா எந்த ஏமாளி குடுத்தான்?"

"தெரியலைங்க சார்" என்றேன். மற்றவர்களோடு நானும் சிரித்து வைத்தேன்.

பத்திரத்தில் அப்பாவின் கைநாட்டுக்குக் கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அப்போதே நான் பி.காம். முடித்திருந்தேன்.