ஒற்றை நாற்காலியை மறுத்த செல்வராணி

செல்வராணி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு வீடியோ கூட்டத்தில் இருந்தேன். அருப்புக்கோட்டையில் என் வீட்டு மேசை. திரையில் சென்னை, பெங்களூரு, கோவை முகங்கள். அடுத்த மாதம் சென்னையில் நடக்கவிருக்கும் மென்பொருள் மாநாட்டில் யார் யார் பேசுவது என்று முடிவு செய்யும் குழு அது. நானும் அதில் ஓர் உறுப்பினர். குழுத் தலைவர் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "நம்ம செல்வராணி இன்னிக்குக் காலைல இறந்துட்டாங்களாம். கேன்சராம். ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார். இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். உடனே தலைவர், "சரி, அப்ப அவங்க பேச வேண்டிய ஸ்லாட்டை என்ன பண்றது?" என்று கேட்டார். செய்திக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட இல்லை.

"நீங்களே பேசிடுங்களேன்," என்றார் என்னிடம். "உங்க ஊர்க்காரங்கதானே? அஞ்சலி மாதிரியும் இருக்கும்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இரண்டு நாட்களாக இணையத்தில் செல்வராணியைப் பற்றி, 'எப்போதும் சிரித்த முகம்', 'எல்லோருக்கும் சகோதரி' என்று எழுதிக் குவிக்கிறார்கள். அவருக்குச் சிரித்த முகம் கிடையாது. அவர் மைக்கைப் பிடித்தாலே முகம் சுளித்தவர்கள்தான் இன்று இப்படி எழுதுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு எரிகிறது. அவருக்கும் எனக்கும் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு என்மேல். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவரை நான் முதலில் பார்த்ததே மேடையில்தான். பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் திடீரென்று முடங்கிப்போனால் காரணம் கண்டுபிடித்து எழுப்புவது அவர் வேலை. சென்னை மாநாடு ஒன்றில் அதைப் பற்றிப் பேச வந்திருந்தார். அதுவரை பேசிய எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அவர் நேராகத் தமிழில் ஆரம்பித்தார்.

"அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நரிக்குடி பஸ்ஸு வந்து நிக்குது. நிக்கிறதுக்கு முன்னயே ஒருத்தரு ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டப் புடிச்சிட்டாரு. போட்டவரு டீ குடிக்கப் போயிட்டாரு. சீட்டு காலியாத்தான் கெடக்கு. கைப்பிள்ளக்காரி ஒருத்தி நின்னுக்கிட்டே வாரா. ஏன்னா துண்டு கெடக்குல்ல? ஒங்க சர்வருல நடக்கிறதும் இதுதான்."

சர்வரில் ஓடும் ஒரு வேலை ஓர் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு நடுவில் செத்துப்போனால், மற்ற வேலைகள் அந்த இடத்துக்குக் காத்துக் கிடந்தே எல்லாம் முடங்கும். ஆகவே துண்டுக்கு ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு தாண்டினால் எடுத்து எறிய வேண்டும். புத்தகத்தில் பலமுறை படித்தும் எனக்குப் பிடிபடாத விஷயம் அன்று ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது.

பேச்சு முடிந்ததும் முதல் கேள்விக்கு ஒரு ஆசாமி எழுந்தார். "கதை நல்லா இருந்துச்சு மேடம். ஆனா இதுல டெக்னிக்கலா என்ன இருக்கு?" அரங்கம் சிரித்தது. செல்வராணி, "நீங்க போட்ட துண்ட எடுங்க சார், சொல்றேன்," என்றார். இந்த முறை சிரித்தது நானும் இன்னும் இரண்டு பெண்களும் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் நக்கல்தான். நல்ல பேச்சு ஒன்றை ஒரே ஒரு கேள்வி சாய்த்துப் போட்டதை அன்று கண்ணால் கண்டேன்.

சாப்பாட்டு வரிசையில் அவரிடம் போய், "நானும் நரிக்குடிப் பக்கந்தான்," என்றேன். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் அடுத்த கேள்வியைக் கேட்டார். "யாரு வீடு?" அப்பா பெயரைச் சொன்னேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "எங்கம்மா ஒங்க மொளகாக் காட்டுல களை எடுத்திருக்காக," என்றார். பிறகு தட்டில் இருந்த சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு கண்மாய்தான் இருக்கிறது.

அன்று சிரித்த நாங்கள் மூவரும், பிறகு சேர்ந்த மூவரும், செல்வராணியும் சேர்ந்து ஏழு பேர் 'முன்வரிசை' என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். எங்களில் ஒருத்தி பேசினால் இன்னும் இருவராவது முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் கேள்வி எங்களுடையதாக இருக்க வேண்டும். "மொதக் கேள்வி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கந்தான் சனம் போகும்," என்பார் செல்வராணி. கேள்வி கடினமானதாக, விஷயம் தெரிந்தவளால் மட்டும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. குழுவில் ஒருத்தி, பேசியவளை ஒருமுறை 'அருமை' என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்ததற்கு, "நீ என்ன கல்யாண வீட்டுக்கா வந்த? கேள்வியக் கேளுடி," என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் ஒத்திகை பார்ப்போம். ஒருவர் பேச்சை மற்றவர்கள் கிழித்துத் தோரணம் கட்டுவோம். என் பேச்சைக் கேட்டு, "இது ஒங்க மேனேஜருக்குக் காட்டுற ஸ்லைடு. நீங்க என்ன தப்பு பண்ணுனீங்கன்னு எங்கயுமே வரல," என்றார். எனக்குச் சுருக்கென்றது. மற்ற எல்லோரையும் 'வாடி, போடி' என்பவர், என்னை மட்டும் கடைசிவரை 'நீங்க' என்றே அழைத்தார். மரியாதை என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அழைப்பு வந்த ஒருத்தியால் போக முடியாவிட்டால், அந்த இடத்தைக் குழுவில் இன்னொருத்திக்குக் கைமாற்றிவிடுவோம். மாநாட்டுக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு போன் போட்டால் ஒரு பெண் வந்து நிற்பாள். எவ்வளவு ஒற்றுமை என்று எங்களைப் பாராட்டினார்கள். நாங்களும் பூரித்துப்போனோம்.

இதில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்ததும் செல்வராணிதான். சர்வர் வேலைக்காரர் அல்லவா? ஒருநாள் பழைய மாநாட்டுப் போஸ்டர்களை வரிசையாகக் குழுவில் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆண்கள், ஓரத்தில் ஒரு பெண். ஒவ்வொரு போஸ்டரிலும் வேறு வேறு பெண், எல்லோரும் நாங்கள்தான். கீழே குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "ஏழு பேரு இருக்கோம். அவுக போட்டது ஒரே ஒரு சேரு. நாம வரிசையில நின்னு மாத்தி மாத்தி உக்காந்துக்கிட்டு, ஒருத்திக்கொருத்தி ஒத்தாசைங்கிறோம். ஒத்தாச யாருக்கு? ரெண்டாவது சேரு போட வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டோம் அவுகளுக்கு. இனிமே ரெண்டு பேராக் கூப்பிட்டா வாரோம். ஒத்தையா மேடையேறுறதில்ல."

எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நானும் வாக்குக் கொடுத்தேன். அடுத்த சில மாதங்கள் எங்களுக்குப் போஸ்டரில் இடமே இல்லை. 'திமிர் பிடித்தவர்கள்' என்று பேசினார்கள். பெண்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு பெரிய மனிதர் மேடையிலேயே வருத்தப்பட்டார்.

அப்போது எனக்குப் பெங்களூருவிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய மாநாட்டின் தொடக்கப் பேச்சு. நான் மட்டும். உள்ளே போனால்தானே எதையும் மாற்ற முடியும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்த மேடை வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஒத்துக்கொண்ட பிறகுதான் செல்வராணிக்குப் போன் செய்தேன்.

"இன்னொரு பொண்ணையும் போடச் சொன்னீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா என்னையும் வேண்டாம்னுருவாகளோன்னு பயமா இருந்துச்சு."

அதற்கு அவர் சொன்னார். "ஒங்க வீட்டுல ஒங்களுக்கு எப்பவுமே ஒரு சேரு கெடந்துச்சு. அதான் ஒத்தச் சேரப் பாத்தா ஒங்களுக்கு ஒண்ணும் உறுத்தல. போயிட்டு வாங்க." எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் உழைப்பைப் பற்றிப் பேச இவர் யார் என்று நினைத்தேன். எங்கள் காட்டில் களை எடுத்தவர் மகள் என்னைக் கேட்பதா என்ற நினைப்பும் அடியில் இருந்தது. அதை இன்றுதான் முதன்முதலாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

பெங்களூருவில் நான் மேடையேறியபோது முன்வரிசையில் செல்வராணி உட்கார்ந்திருந்தார். நான் அழைக்கவில்லை. பேச்சு முடிந்ததும் முதல் ஆளாக எழுந்தார். என் பேச்சின் பலவீனமான இடத்தைக் குறிபார்த்து ஒரு கேள்வி கேட்டார். அந்த இடத்தில் நான் பட்ட தோல்வியையும் அதைச் சரிசெய்த விதத்தையும் பயத்தில் பேச்சிலிருந்து நீக்கியிருந்தேன். வேறு வழியின்றி அதைச் சொன்னேன். அன்று கைத்தட்டல் வந்தது அந்தப் பதிலுக்குத்தான். நான் இந்த மாநாட்டுக் குழுக்களில் எல்லாம் உறுப்பினரானதும் அந்தப் பதிலால்தான்.

இறங்கி ஓடிப் போய் நன்றி சொன்னேன். "முன்வரிசை வேலையச் செஞ்சேன். அது முடிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். கடமையைச் செய்துவிட்டுக் கதவைச் சாத்திய அந்தக் குணத்தை நான் இரண்டு வருடம் வெறுத்தேன். இப்போதும் அந்த வெறுப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

மற்ற ஐவரும் அவரோடு நின்றார்கள். பிடிவாதம் மெல்ல வேலை செய்தது. இந்தச் சென்னை மாநாட்டுக்கு அவர் விண்ணப்பித்தபோது, தன்னோடு இன்னொரு பெண்ணாவது பேச வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார். எங்கள் மாநாட்டுக் குழுவில் முணுமுணுத்தார்கள். நான் ஆதரித்து வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அவர் பேச்சு தேவைப்பட்டதால் பணிந்தார்கள். கோவைப் பெண் ஒருவரும் தேர்வானார். செல்வராணிக்கு நோய் முற்றியிருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

செய்தி வந்த அன்றே அவர் ஊருக்குப் புறப்பட்டேன். "போ. போயி வெளியவே நின்னு பாத்துட்டுத் திரும்பிரு," என்றார் அப்பா. நான் கிளம்பிவிட்டேன். திருச்சுழியிலிருந்து உள்ளே போகும் சாலையில் இரண்டு பக்கமும் கருவேல முள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் பந்தலில் வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் தரையில். என்னைப் பார்த்ததும் யாரோ அவர் அம்மாவிடம் நான் இன்னார் மகள் என்று சொன்னார்கள். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "ஏய், உள்ள இருந்து சேர எடுத்தாங்கடி. அவுக கீழ உக்காரக் கூடாது," என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நான் உட்கார்ந்தேன். எழுந்து தரைக்கு வர எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

அம்மாவின் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு இளம் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீரசோழன் என்ற ஊரைச் சேர்ந்த ரஹ்மத். செல்வராணியின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஐந்து தோழிகளும் கூடவே இருந்தார்கள். உடலை எடுத்துக்கொண்டு போகும்போது பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அவர்கள் ஆறு பேரும் ஒன்றாக நின்றார்கள். எனக்கு இடம் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வராணியின் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். பேச்சாளர் வர முடியாமல் போனால் யார் பேசுவார் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. பெரும்பாலோர் அதை நிரப்புவதில்லை. அவர் நிரப்பியிருப்பார் என்று தெரியும். என் பெயர் இருக்குமோ என்று அந்த வரிக்கு நேராகப் போனேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாவு வீட்டிலிருந்து திரும்பிய அன்றும் அந்த ஆசை எனக்கு இருந்தது.

ரஹ்மத்தின் பெயர் இருந்தது.

இன்று காலை மறுபடியும் குழு கூடியது. விண்ணப்பத்தில் இருந்ததைச் சொன்னேன். தலைவர் தயங்கினார். "அந்தப் பொண்ணு இதுவரைக்கும் மேடையே ஏறினதில்லையே. கோவைப் பொண்ணு ஒருத்தர் இருக்காங்க, அது போதும்னாலும் சரி. இல்லன்னா நீங்க ரெடியா இருக்கீங்கல்ல?"

"நான் எப்பவுமே ரெடியாத்தான் இருந்திருக்கேன் சார். அதனாலதான் வேண்டாங்கிறேன். ரஹ்மத் பேசட்டும். இல்லன்னா இந்தக் குழுவுல நான் இல்ல," என்றேன். முனகிக்கொண்டே பெயரை எழுதினார்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. இரண்டு வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

செல்வராணி, நீங்கள் என்னை மன்னிக்கவில்லை. பின்னால் யாரும் 'மன்னித்துவிட்டார்' என்று அழகாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன். தோழிகள் எல்லோரும் உங்களை 'அக்கா' என்றார்கள். நீங்கள் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. எங்கள் துறை வழக்கப்படி பெயர் சொல்லி அழைப்பது எனக்கு வசதியாக இருந்தது. எங்கள் வீட்டார் யாரும் உங்கள் தெருவில் ஒருவரையும் அக்கா என்று அழைத்ததில்லை. இப்போது, நீங்கள் திரும்பிப் பார்க்க முடியாதபோது, அப்படி அழைத்து நல்லவளாகிவிட எனக்கு உரிமையில்லை.

போய் வாருங்கள், செல்வராணி.