பின்செல் பட்டன்

செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதிக்கு அறை முன்பதிவு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். அங்கே வரவேற்பில் இருந்த கலைவாணி வாரம் தவறாமல் போன் செய்வாள். "சார், பின்செல் பட்டன் வேலை செய்யலீங்க."

எனக்கு எரிச்சலாக வரும். தளத்தில் நான் வைத்த அந்தப் பட்டன், முந்தைய பக்கத்துக்குப் போ என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒரே வரி ஜாவாஸ்கிரிப்ட்தான். என் கணினியில் ஒழுங்காகத்தான் ஓடியது. "ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதாம்மா?" என்று போனை வைத்துவிடுவேன். ஒருநாள் விடுதி உரிமையாளரிடமே, "அந்தப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் தெரியலீங்க" என்றேன். அவர் வேறு ஆள் தேட ஆரம்பித்தார்.

கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமிக்கு முந்தின நாள் மறுபடி போன். நேரில் காட்டிவிட்டே வருவதென்று வண்டியை எடுத்தேன்.

"எப்பவும் செய்ற மாதிரியே செய்ம்மா."

உரிமையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முன்பதிவு லிங்க்கை அவள் கிளிக் செய்தாள். அது புது டேபில் திறந்தது. பின்செல்லை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த டேபுக்கு முந்தைய பக்கமே கிடையாது. நான் எப்போதும் முகப்புப் பக்கத்திலிருந்தே நுழைந்து பார்த்திருக்கிறேன்.

"மூணு மாசமா இதத்தான் சார் சொல்ல வரேன். முடிக்கறதுக்குள்ள வச்சிடுறீங்க."

முந்தைய பக்கம் இல்லையென்றால் அறைப் பட்டியலுக்குப் போகும்படி அங்கேயே மாற்றினேன். உரிமையாளரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். கலைவாணியின் வேலை போகவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் யார் குறை சொன்னாலும், அந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். எரிச்சல் இன்னும் வருகிறது. போனை மட்டும் வைப்பதில்லை.